குறைவாக வந்த காசோலை

பேருந்து டிப்போவின் உதிரிபாக ஸ்டோரில் அவளுக்கு முப்பத்தோரு வருட சர்வீஸ். அத்தனை வருடத்தில் ஒரு போல்ட்கூட அவள் கைபடாமல் ஓர் அலமாரியிலிருந்து இன்னோர் அலமாரிக்குப் போனதில்லை. சரக்கு வந்தால் வாங்க வேண்டும், எண்ண வேண்டும், ரிஜிஸ்டரில் எழுத வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம்தான் அது நகரும். வண்டி பிரேக் இல்லாமல் நிற்கிறது என்று மெக்கானிக் வந்து குதித்தாலும் சரி, மேனேஜரே வந்து கெஞ்சினாலும் சரி, "முதல்ல கையெழுத்து" என்பாள். ரிஜிஸ்டர் அக்கா என்று பேர் வந்ததில் ஆச்சரியமில்லை.

இந்த வழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. கூரியர்காரர் கதவைத் தட்டினால் ஒரு நோட்டை நீட்டி, அவர் கையாலேயே தேதி, நேரம் எழுதி கையெழுத்துப் போடச் சொல்வாள். வந்த உறையைத் தூக்கிப் போடாமல் அந்தப் பக்கத்திலேயே பின் குத்தி வைப்பாள்.

"இந்த வீட்டுக்குள்ள கொசு வந்தாக்கூட, இவகிட்ட கையெழுத்துப் போட்டுட்டுத்தான் கடிக்கும்" என்பார் அவள் வீட்டுக்காரர்.

அவரும் அதே டிப்போதான். இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டினார். கிளச் மிதித்து மிதித்து இடது முட்டி தேய்ந்தது, அதற்குத் துணையாக வலது முட்டியும் போயிற்று. குடியிருப்பதோ நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. எழுபத்திரண்டு படி. எட்டு மாதமாக மனிதர் தரையை மிதிக்கவில்லை. பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, தெருவில் போகிற பஸ்ஸின் சத்தத்தை வைத்தே "பாவி, ரெண்டாவது கியர்ல இழுக்கிறான் பாரு" என்று முகம் தெரியாத டிரைவர்களைத் திட்டிக்கொண்டிருப்பார். அவள் சிரிப்பாள்.

அதே கட்டடத்தில் கீழ் வீடு காலியானது. வாசலைத் திறந்தால் தெரு. ஒரு படிகூடக் கிடையாது. வீட்டுச் சொந்தக்காரர் ஒரு வருட வாடகையை முன்பணமாகக் கேட்டார். மூன்று வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த சேமிப்பு சரியாக அந்த அளவுக்குத்தான் இருந்தது. இவர்களுக்கே தருகிறேன், இன்ன தேதிக்குள் பணம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார் அவர். அன்றைக்கே அவள் கீழ் வீட்டின் குளியலறைச் சுவரில் பிடித்து நடக்கக் கம்பி எங்கே அடிக்கலாம் என்று டேப் வைத்து அளந்துவிட்டு வந்தாள்.

இதற்கு நடுவில்தான் ஓய்வு நிதி விவகாரம் வந்தது.

டிப்போவை வேறொரு கம்பெனி வாங்கிக்கொண்டது. பழைய கம்பெனியின் ஓய்வு நிதியை மூடுகிறோம், அவரவர் தொகையைப் புது நிதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். மாதாமாதம் அவள் சம்பளத்தில் பிடித்த பணமெல்லாம் அந்த நிதியில் ஷேர்களாக இருந்தது. படிவத்தில் இரண்டு கட்டம். ஒன்று, நிதியிலிருந்து நிதிக்கு நேரடியாக. மற்றொன்று, உறுப்பினர் வழியாக.

"நேரடியாவே போகட்டுமே" என்றார் வீட்டுக்காரர், டீயை உறிஞ்சிக்கொண்டு.

"என் கைக்கு வராம என் சரக்கு எங்கயும் போகாது. நடுவுல நாலு ஷேரை அமுக்கிட்டா யாரு கேக்கிறது? என்கிட்ட வரட்டும். எண்ணிப் பார்த்து நானே கொண்டுபோய்க் குடுக்கிறேன்."

உறுப்பினர் வழியாக என்ற கட்டத்தில் பேனாவை அழுத்தி டிக் அடித்தாள். டிப்போவில் இருநூற்றுச் சொச்சம் பேர் படிவம் கொடுத்தார்கள். அந்தக் கட்டத்தில் டிக் அடித்தது அவள் ஒருத்திதான். புது நிதியின் கவுன்டரில் கழுத்தில் டை கட்டிய ஓர் ஆள் படிவத்தை வாங்கினார். ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார், அவளை நிமிர்ந்து பார்த்தார், முத்திரை குத்தி உள்ளே போட்டார். அந்த ஒரு நிமிடத்தை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஷேர்ப் பத்திரங்கள் கட்டாக வரும், கூடத்தில் பாய் விரித்து எண்ணலாம் என்று அவள் காத்திருந்தாள். கூரியரில் வந்தது ஒற்றைக் காசோலை. ஷேர்களையெல்லாம் விற்றுவிட்டார்கள். விற்ற பணமாவது முழுசாக வந்ததா? இல்லை. ஐந்தில் ஒன்று குறைந்தது. ஏன் என்று ஒரு வார்த்தை கிடையாது. கூடவே ஒரு துண்டுச்சீட்டு, அதில் 'பிடித்தம்' என்று மட்டும்.

குறைவாக வந்த சரக்கை ஒரு ஸ்டோர்கீப்பர் என்ன செய்வாள்? தொடமாட்டாள். தொட்டுவிட்டால் முழுசாக வந்ததாக ஒப்புக்கொண்டது போல. பாக்கி வருகிற வரைக்கும் பெட்டியைப் பிரிக்காமல் ஓரமாக வைத்துவிட்டு, அனுப்பியவனுக்குக் கடிதம் எழுதுவாள். அப்படித்தான் டயர் கம்பெனியையும் ஃபில்டர் கம்பெனியையும் முப்பத்தோரு வருடம் ஓட ஓட விரட்டியிருக்கிறாள். இதிலும் அதையே செய்தாள். காசோலையை பீரோவில் வைத்துப் பூட்டினாள். 'தாங்கள் அனுப்பியதில் ஐந்தில் ஒரு பகுதி குறைகிறது. உடனே அனுப்பி வைக்கவும்' என்று பழைய நிதிக்கு எழுதினாள். பதில் இல்லை. பத்து நாள் விட்டு இரண்டாவது கடிதம். பதில் இல்லை. மூன்றாவது கடிதத்தில் 'கடைசி எச்சரிக்கை' என்று சிவப்பு மையில் எழுதினாள்.

காசோலை கைக்கு வந்த ஐம்பத்தொன்பதாவது நாள் சாயங்காலம் பதில் வந்தது. குறைந்த தொகை வரிப் பிடித்தமாம். கையில் வாங்கிய தொகையை அறுபது நாளுக்குள் புது நிதியில் போட்டால்தான் அது மாற்றமாம். போடாவிட்டால், ஓய்வுக்கு முன்னாலேயே எடுத்துச் செலவழித்ததாக அர்த்தமாம். அப்போது முழுத் தொகையும் அந்த வருடத்து வருமானம், அதற்கு வரி, வரிக்கு மேல் அபராதம். எல்லாம் சேர்ந்தால் கிட்டத்தட்டப் பாதி போய்விடும். இவ்வளவும் கடைசிப் பத்தியில், எறும்பு சைஸ் எழுத்தில்.

அவள் இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை வீட்டுக்காரரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

"இதை முதல் நாளே சொன்னா இவனுங்களுக்கு என்ன கொள்ளை? அறுபது நாள் கெடுன்னு அம்பத்தொம்பதாவது நாள் எழுதுறானே, இவனெல்லாம் சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறானா?"

"காலைல போய்க் கட்டிடு. இன்னும் ஒரு நாள் இருக்குல்ல" என்றார் அவர்.

மறுநாள் ஸ்டோர்ச் சாவியை எண்ணி இன்னொருவரிடம் ஒப்படைத்து, கையெழுத்து வாங்கி, லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவள் புது நிதி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. கண்ணாடிக் கதவு, வழவழவென்று தரை, தெருவிலிருந்து நேராக உள்ளே நடந்துபோகலாம். இவங்களுக்கு மட்டும் தரைத்தளம் என்று நினைத்துக்கொண்டே டோக்கன் எடுத்தாள். கைப்பையில் பழைய நிதியின் காசோலை இருந்தது. கூடவே அவளுடைய செக் புத்தகமும், அதில் கீழ் வீட்டு முன்பணத்துக்காக வீட்டுச் சொந்தக்காரர் பேரில் எழுதித் தயாராக வைத்த செக்கும் இருந்தன. சாயங்காலம் போகிற வழியில் அதை அவர் கையில் கொடுப்பதாக ஏற்பாடு.

கவுன்டரில் அதே டைக்காரர். கணினியைத் தட்டினார். உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னைக்கு அறுபத்தாறாவது நாள் மேடம். டைம் முடிஞ்சிடுச்சு."

"எது அறுபத்தாறு? என் கைக்கு வந்து அறுபதுதான் ஆகுது."

"செக்ல போட்டிருக்கிற தேதியிலேர்ந்து சிஸ்டம் எண்ணுது மேடம்."

"செக்கை அச்சடிச்சு ஆறு நாள் கழிச்சு அனுப்பியிருக்காங்க. அந்த ஆறு நாள் அது யாரு மேசைல தூங்குச்சோ அவங்ககிட்டப் போய் எண்ணச் சொல்லுங்க உங்க சிஸ்டத்தை!"

குரல் உயர்ந்தது. டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். உள் அறையிலிருந்து மேலாளர் அம்மா எழுந்து வந்தாள். நரைத்த தலை, கையில் சட்டப் புத்தகம், முகத்தில் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை.

"அவங்க சொல்றது சரிதான்" என்றாள் டைக்காரரிடம். "உறுப்பினர் கைக்குக் கிடைச்ச நாள்லேர்ந்துதான் கணக்கு. ஆனாம்மா, கிடைச்ச நாளுக்கு ஆதாரம் வேணும். அசல். போட்டோ எல்லாம் எடுத்துக்க மாட்டோம். பெரும்பாலும் யாருகிட்டயும் இருக்காது."

"என்கிட்ட இருக்கு. கூரியர்காரர் கையெழுத்தோட இருக்கு."

மேலாளர் அம்மாவின் புருவம் லேசாக ஏறியது. "அப்ப நாலு மணிக்குள்ள கொண்டு வாங்க. இன்னொண்ணு. காசோலையில இருக்கிற தொகை போதாது. பிடிச்சாங்களே ஐந்துல ஒண்ணு, அதையும் சேர்த்து முழுசாப் போடணும். ஒரு பைசா குறைஞ்சாலும் இது மாற்றம் ஆகாது."

"அந்த ஐந்துல ஒண்ணு எங்க இருக்கு?"

"வரி அலுவலகத்துல."

"அப்ப அவங்ககிட்ட வாங்கிக்கோங்க."

"அவங்க அடுத்த வருஷம் நீங்க கணக்குக் காட்டின பிறகு திருப்பித் தருவாங்க. இப்போதைக்கு நீங்கதான் உங்க கைக்காசைப் போட்டு நிரப்பணும்."

இதைக் கேட்டால் யாருக்குத்தான் ரத்தம் கொதிக்காது? என் காசை என்னைக் கேட்காமல் எடுத்துக்கொள்வார்களாம். எடுத்த காசு ஏன் குறைகிறது என்று என்னையே கேட்பார்களாம். குறைந்ததை நானே போட்டால், அடுத்த வருடம் எனக்கே பெரிய மனசு பண்ணித் திருப்பித் தருவார்களாம்! அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த ஐந்தில் ஒன்று எவ்வளவு என்று அவளுக்கு மனப்பாடம். கீழ் வீட்டு முன்பணமும் கிட்டத்தட்ட அதேதான்.

டைக்காரர் மெதுவாகச் சொன்னார். "நேரடிக் கட்டத்துல டிக் அடிச்சிருந்தா ஷேர் அப்படியே இங்க வந்திருக்கும் மேடம். வரியும் இல்ல, தலைவலியும் இல்ல. அன்னைக்கே பார்த்தேன் நான்."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன். ஆனா நாங்க ஆலோசனை சொல்லக் கூடாது. விதி."

"ஒரு மனுஷி கிணத்துக்குள்ள கால் வைக்கிறா. பார்த்துட்டு முத்திரை குத்தினீங்க. 'அம்மா, இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க'ன்னு சொல்ல வாய்க்கு என்ன பூட்டா போட்டிருந்தீங்க?"

டைக்காரர் கணினியைப் பார்த்தார்.

மணி இரண்டரை. வீட்டுக்கு டாக்ஸியில் போனாலே ஐம்பது நிமிடம், வர ஐம்பது நிமிடம். நாலு மணிக்குள் நடக்காது. அவள் வீட்டுக்காரருக்கு போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

"நோட்டு எங்க இருக்குன்னு தெரியும். வாசலுக்கு ஒரு டாக்ஸி வரச் சொல்லு" என்றார் அவர்.

"டாக்ஸிக்காரரை மேல அனுப்புறேன், அவர்கிட்டக் குடுத்து விடுங்க. வீட்டுச் சொந்தக்காரரும் அவர் கடைக்குப் போயிருப்பாரு, இந்நேரம் கட்டடத்துல உதவிக்கு ஒரு ஆள்கூட இருக்க மாட்டாங்க."

"யாரு எவருன்னு தெரியாத ஆள் கையில உன் ரிஜிஸ்டரையா? சாயங்காலம் வந்து நீ என்னைக் கொன்னுடுவ."

"என்னங்க, விளையாடாதீங்க! எழுபத்திரண்டு படி!"

"எனக்குத் தெரியாதா? எட்டு மாசமா அதைத்தானே எண்ணிக்கிட்டிருக்கேன். நேரத்தைப் பத்தி பஸ் ஓட்டினவன்கிட்டப் பேசாத. போனை வை."

நோட்டைச் சட்டைக்குள் செருகி, முதல் படியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றி, உட்கார்ந்த வாக்கிலேயே ஒவ்வொரு படியாக இறங்கினாராம். டாக்ஸிக்காரர் கீழே இருந்து பார்த்துவிட்டு ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தபோது, "வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைப்பா, அது போதும்" என்றாராம். இதெல்லாம் அப்புறம் டாக்ஸிக்காரர் சொல்லித்தான் தெரியும்.

மூன்றே முக்காலுக்குக் கண்ணாடிக் கதவு திறந்தது. டாக்ஸிக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் உள்ளே வந்தார். வேட்டியின் பின்பக்கம் முழுக்கப் படிக்கட்டுப் புழுதி. உள்ளங்கை இரண்டும் தேய்ந்து சிவந்திருந்தன. முகம் வலியில் வெளுத்திருந்தது, ஆனால் பார்வை மட்டும் கண்ணாடிக்கு வெளியே தெருவிலேயே இருந்தது.

"ரோடெல்லாம் ரொம்ப மாறிடுச்சு" என்றார். சட்டைக்குள்ளிருந்து நோட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

மேலாளர் அம்மா பக்கத்தைப் பார்த்தாள். கூரியர்காரர் கையெழுத்து, தேதி, நேரம், பின் குத்திய உறை, உறையின் மேல் கூரியர் முத்திரை. முன்பக்கங்களையும் புரட்டினாள். கேஸ் ரசீது, மின்சார பில், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றுக்கும் வரவுக் கையெழுத்து. "இருபது வருஷத்துல இப்படி ஒண்ணை நான் பார்த்ததில்ல" என்று சொல்லித் தேதியை ஏற்றுக்கொண்டாள்.

மிச்சம் ஒரே ஒரு வேலைதான். அவள் செக் புத்தகத்தைத் திறந்தாள். வீட்டுச் சொந்தக்காரர் பேர் எழுதிய செக் மேலாக இருந்தது. கை நகரவில்லை.

"என்ன யோசனை? கிழி" என்றார் அவர்.

"கீழ் வீடு கைவிட்டுப் போயிடுமேங்க."

"போகட்டும். பால்கனியை விட்டா அந்த டிரைவருங்களை யாரு திட்டுறது?"

அவள் அதை நாலாகக் கிழித்தாள். புதிதாக ஒன்று எழுதினாள். பழைய காசோலையின் பின்னால் கையெழுத்துப் போட்டாள். மணி நாலுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது டைக்காரர் முத்திரை குத்தினார். ரசீதை அவள் மேலும் கீழும் மூன்று தடவை படித்த பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

டாக்ஸியிலிருந்தே வீட்டுச் சொந்தக்காரருக்கு போன் பண்ணி, பணம் இப்போது முடியாது, ஒரு வருடம் பொறுங்கள் என்றாள். ஒரு வருடம் வீட்டைப் பூட்டியா வைக்க முடியும் என்றார் அவர். வீடு போய்ச் சேரும்போது கீழ் வீட்டு ஜன்னலில் 'வாடகைக்கு' என்று அட்டை தொங்கியது. சொந்தக்காரர் கடையிலிருந்து ஓடி வந்து தொங்கவிட்டிருக்க வேண்டும். அவள் வீட்டுக்காரர் அந்த வாசலை ஒரு தடவை பார்த்தார். பிறகு படிக்கட்டுக்கு முதுகைக் காட்டி, முதல் படியில் உட்கார்ந்தார்.

ஏறுவது இறங்குவதைவிடக் கொடுமை. ஒவ்வொரு படிக்கும் கையை ஊன்றி உடம்பைப் பின்னால் தூக்கிப் போட வேண்டும். அவள் அவருடைய செருப்பையும் நோட்டையும் ஒரு கையில் பிடித்து, மறு கையால் அவர் அக்குளைத் தாங்கினாள். அழுகை வந்தது. அழுதால் அவர் தேற்ற ஆரம்பித்துவிடுவார் என்பதால் திட்ட ஆரம்பித்தாள். முதல் மாடி வரைக்கும் பழைய நிதிக்காரனைத் திட்டினாள், 'பிடித்தம்' என்று ஒற்றை வார்த்தை எழுதிய கை விளங்காமல் போகட்டும் என்று. இரண்டாவது மாடி வரைக்கும், என் காசுக்கு நானே ஈடு கட்டு என்று சட்டம் எழுதிய புண்ணியவானை. மூன்றாவது மாடி வரைக்கும், ஐம்பத்தொன்பதாவது நாள் வரை அவள் கடிதங்களின் மேல் உட்கார்ந்திருந்தவனை. அவர் மூச்சு வாங்கிக்கொண்டே "ம்", "அப்படிப் போடு" என்று ஒத்து ஊதினார்.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் அவள் ஓய்ந்தாள்.

"நாலாவது மாடி யாருக்கு?" என்றார்.

"எனக்கு" என்றாள். "நான்தானே டிக் அடிச்சேன். செக்கைப் பூட்டி வச்சதும் நான்தான். அன்னைக்கே நேரடியாப் போகட்டும்னு நீங்க சொன்னீங்க."

"நான் என்ன சொன்னேன்? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல."

"சொன்னீங்க. டீ குடிச்சுக்கிட்டே சொன்னீங்க. இன்னைக்கு நீங்க இந்தப் படியில தேயறதுக்கு நான்தான் காரணம்."

அவர் ஊன்றிய கையை எடுத்துவிட்டார். சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

"அப்ப இந்த மாடியை நான் ஏற மாட்டேன். இங்கயே இருக்கேன். வேற ஆளை மாத்து."

"எழுந்திரிங்க. விளையாட்டு வேண்டாம்."

"ஆளை மாத்து, ஏறுறேன்."

மூன்றாவது மாடிக்காரர்கள் வேலை முடிந்து வந்தார்கள், இவர்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனார்கள். அவர் அசையவில்லை. அவருடைய உள்ளங்கையில் ஒரு இடத்தில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள். அந்த ஒரு நிமிடம் நினைவுக்கு வந்தது. படிவத்தை உற்றுப் பார்த்த முகம், நிமிர்ந்து அவளைப் பார்த்த கண், கையில் முத்திரை.

"பார்த்தேன்னு சொல்றான்!" என்றாள். "வாய் கூசாம என் மூஞ்சிக்கு நேரா சொல்றான்! பார்த்தவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன, கழுத்துல கட்டியிருக்கிற அந்த டை அவுந்து விழுந்திருக்குமா?"

"அப்படி வா வழிக்கு" என்று சொல்லி அவர் கையை ஊன்றினார்.

பதினெட்டுப் படிக்கும் டைக்காரர் வாங்கிக் கட்டிக்கொண்டார். கதவைத் திறந்து, அவரைப் பால்கனி நாற்காலியில் உட்கார வைத்து, கையைக் கழுவி மருந்து தடவினாள். கீழே ஒரு பஸ் உறுமிக்கொண்டு போயிற்று. அவர் அதைத் திட்டவில்லை, தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருஷம் வரி ஆபீஸ் அந்தக் காசை அனுப்புவாங்கல்ல" என்றார். "அப்பவாவது பேசாம வாங்கிக்குவியா?"

அவள் நோட்டை அதன் இடத்தில் வைத்தாள்.

"எண்ணிப் பார்த்துத்தான் வாங்குவேன்."